புதுமாப்பிள்ளை நெய்னாரும் நீலக் குளிசையும்

பள்ளிவாசல்துறைக் கரையில் மீன் ஏலம் கூறுகிற நெய்னாருக்கு வயது அறுபத்து நான்கு. அவருடைய குரலுக்கு இன்னும் முப்பதுதான். படகு கரை தட்டி, மீனை மணலில் குவித்து, வியாபாரிகள் சுற்றி வளைத்து நின்றதும் அவர் ஒருமுறை செருமுவார். அந்தச் செருமலுக்கே பூனைகள் இரண்டடி பின்வாங்கும். தொடங்கிவிட்டால் இரண்டு மணித்தியாலத்துக்கு வாய் ஓயாது. பாரை, கட்டா, சூரை என்று குவியல் மாறுமே ஒழிய நெய்னாரின் கால் மாறாது. ஏலக்காரன் நடுவில் விலகினால் விலை படுத்துவிடும் என்பது அந்தக் கரையில் எழுதாத சட்டம்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நெய்னார் பிழைத்தார்; அவர் வாயில் விழுந்தவர்கள்தான் பிழைக்கவில்லை. ஊரில் பாதிப் பேருக்குப் பட்டப்பெயர் வைத்தவர் அவர். தராசுத் தட்டை மெல்ல அழுத்துகிற வியாபாரிக்குப் ‘பெருவிரல்’. ஜனாஸா அடக்கத்துக்குக்கூடப் பிந்தி வருகிறவருக்குக் ‘கடைசி பஸ்’. பிறந்தபோது ஆடு அறுத்து, ஊரைக் கூட்டி, பெற்றோர் வைத்த பெயர் ஒரு பக்கம் கிடக்க, நெய்னார் வைத்ததுதான் ஒட்டிக்கொள்ளும். இவரிடம் பெயர் வாங்கியவர்கள் முதல் நாள் சிரிப்பார்கள். சிரிக்காவிட்டால் இன்னும் மோசமான பெயர் வரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இருபத்தைந்து வருடத்துக்கு முன் அஹமட் என்று ஒரு படகுச் சொந்தக்காரர் இருந்தார்; மூத்தவர் என்ற முறையில் ஊருக்கு அஹமட் நானா. ஏலம் நடக்கும்போது இரண்டு மூன்று தரம் தென்னந்தோப்புப் பக்கம் போய் வருவார். திரும்பி வரும்போது இடுப்பில் கட்டிய சாரத்தின் முன்பக்கத்தில் சிறிதாக ஈரம் இருக்கும். ஒருநாள் அவருடைய மீனையே கூறிக்கொண்டிருந்த நெய்னார் கூட்டத்தைக் கையமர்த்தி, “பொறுங்க, பொறுங்க. சொட்டு நானா வரட்டும்” என்றார். கரை விழுந்து விழுந்து சிரித்தது. அஹமட் நானாவும் சிரித்தார்.

அடுத்த நாள் அவர் வரவில்லை. மருமகனை அனுப்பினார். பள்ளிவாசலில் முன்வரிசையில் நின்றவர் பின்வரிசைக்குப் போனார், பிறகு வீட்டோடு தொழுதார். ஆஸ்பத்திரிக்குப் போனால் யாராவது கண்டுவிடுவார்கள் என்று போகாமலே இருந்தார். கடைசியில் மூத்திரம் முழுதாக அடைத்து, இரண்டு கிட்னியும் கெட்ட பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆள் தப்பவில்லை. மௌத்தான அன்று வெளியூரிலிருந்து வந்த ஒருவர் சந்தியில் நின்ற நெய்னாரிடமே கேட்டார், “சொட்டு நானாட ஜனாஸா எந்த வூட்டுல?”

நெய்னார் கையைக் காட்டினார். அன்று பகல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அதைப் பற்றி அவர் யாரிடமும் கதைத்ததில்லை.

போன வருடம் நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு நெய்னாருக்கே அது தொடங்கியது. இரவில் ஒரு தரம் எழும்பியவர், மூன்று தரம், ஐந்து தரம் என்று எழும்பினார். போய்க் குந்தினால் வராது. வந்தால் நூல்போல வரும். முடிந்தது என்று திரும்பி வந்து படுத்தால், முடியவில்லை என்று சாரம் சொல்லும். கரையில் இன்னும் கஷ்டம். காலையில் தேத்தண்ணி குடிப்பதை நிறுத்தினார், தண்ணீரை நிறுத்தினார், ஏலத்தை இரண்டு மணித்தியாலத்திலிருந்து ஒன்றே கால் மணித்தியாலத்துக்கு ஓட்டி முடித்தார். வியாபாரிகள் சுறுசுறுப்பு என்று மெச்சினார்கள். நெய்னாரோ எந்த நேரம் எவன் வாயிலிருந்து ‘சொட்டு நெய்னார்’ என்ற பெயர் விழுமோ என்று பயந்து செத்துக்கொண்டிருந்தார். தான் செய்த கத்தியின் கூர் எப்படியென்று செய்தவனுக்குத்தானே தெரியும்.

இந்த அசுத்தத்தோடு தொழுவது எப்படி? கழுவி, உடுப்பு மாற்றினால் போதும் என்று மார்க்கம் இலேசாகத்தான் சொல்கிறது. நெய்னாருக்கு மனம் கேட்கவில்லை. விடியற்காலைச் சுபஹு பாங்குக்கு முன்னமே எழுந்து, கிணற்றடியில் தலையோடு நாலு வாளி அள்ளி ஊற்றி, சந்தனச் சவுக்காரம் போட்டுக் குளித்து, தோய்த்த சாரத்தைக் கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போனார். தாடியிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வாசலில் நுழைந்தவரைப் பள்ளியின் மோதினாரான அஸ்மின் பார்த்தார். பாங்கு சொல்கிறவருக்குப் பாங்கு நேரம் போக மற்ற நேரமெல்லாம் ஊரைப் பார்ப்பதுதான் வேலை.

முஸ்லிம் ஊர்களில் சுபஹுக்குத் தலை நனைந்து வருகிற ஆணுக்கு ஒரேயொரு அர்த்தம்தான். புருஷனும் பெண்சாதியும் கூடினால் குளிப்பு கடமை. குளிக்காமல் தொழ ஏலாது. கலியாணம் முடித்த புதிதில் பொடியன்கள் ஈரத் தலையோடு வந்து தூண் மறைவில் நிற்பார்கள். பெரியவர்கள் பார்த்தும் பாராததுபோல் பார்ப்பார்கள். ஆனால் அறுபத்து நான்கு வயதில், பேரன் பேத்தி எடுத்த மனிதன், ஒருநாள் அல்ல இருநாள் அல்ல, கிழமையில் ஏழு நாளும் நனைந்து வந்தால்?

அஸ்மின் ஒரு கிழமை பொறுமையாக எண்ணினார். எட்டாம் நாள் பிளேன்டீக் கடையில் வாயைத் திறந்தார். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது. அன்று மாலைக்குள் நெய்னாருக்குப் ‘புதுமாப்பிள்ளை’ என்ற பெயர் நுரைச்சோலைச் சந்தி வரை போய்விட்டது.

நெய்னார் நினைத்திருந்தால் அன்றைக்கே இல்லையென்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒரு தட்டில் ‘சொட்டு’, மறு தட்டில் ‘புதுமாப்பிள்ளை’. எந்த மடையன் முதல் தட்டை எடுப்பான்? அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. தாடியைத் தடவிக்கொண்டு ஒரு சிரிப்புச் சிரித்தார். மறுமையில் அந்தச் சிரிப்புக்கு அவர் தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

உண்மை தெரிந்த ஒரே ஆள் அவருடைய மனைவி சுல்பா. சாரம் தோய்க்கிறவளுக்குத் தெரியாத ரகசியம் எந்த வீட்டில் இருக்கிறது?

“இங்க பாருங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க. அஹமட் நானாக்கு நடந்தது மறந்து போச்சா?” என்று ஒருநாள் கேட்டாள்.

அந்தப் பெயரைக் கேட்டதும் நெய்னாரின் முகம் கறுத்தது. “போறன். ஆனாப் புத்தளத்துக்குப் போக மாட்டன். அங்க மூணு வார்டுலயும் நம்மட சொந்தக்காரங்க.”

“அப்ப சிலாபத்துக்குப் போங்க. அங்க உங்கள ஆருக்குத் தெரியும்?”

சிலாபம் மீன் சந்தையில் ஆள் பார்க்கப் போவதாக ஊருக்குச் சொல்லிவிட்டு, புத்தளத்தில் பஸ் மாறும்போது முகத்தை லேஞ்சித் துணியால் மறைத்துக்கொண்டு போனார். கிளினிக்கில் டொக்டர் சிங்களம் கதைத்தார். நெய்னாருக்கு மீன் விற்கிற சிங்களம் தெரியும்; மூத்திரம் போகிற சிங்களத்தை அங்கேதான் படித்தார். டொக்டர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கச் சொல்லி, கையுறையை மாட்டினார். அதன் பிறகு நடந்ததை நெய்னார் சுல்பாவிடம்கூடச் சொன்னதில்லை.

இரத்தம் சோதித்து, ஸ்கேன் எடுத்து, பயப்பட ஒன்றுமில்லை என்று டொக்டர் சொன்னார். மூத்திரப் பைக்குக் கீழே புரொஸ்டேட் என்று ஒரு சுரப்பி. இளமையில் புளியங்கொட்டை நாலைந்தைச் சேர்த்துவைத்த அளவுதான் இருக்கும். ஆணை ஆணாக்குகிற ஹோர்மோன் இருக்கிறதே, மீசை முளைக்க வைப்பது, குரலைத் தடிக்க வைப்பது, அதுதான் வயது போகப் போக அந்தச் சுரப்பியையும் ஊதப்பண்ணி, மூத்திரக் குழாயை நெரிக்கிறது. பாதிக்கு மேல் ஆண்களுக்கு வருகிற சாமான் இது.

இரண்டு மருந்து எழுதினார். ஒன்று உறைக்குள் மருந்து அடைத்த கூட்டுக் குளிசை. அது மூத்திரப் பையின் கழுத்தை இளக்கிவிடும், ஆனால் பிரஷரையும் கொஞ்சம் இறக்கும், ஆகவே படுத்தெழும்பினால் மெதுவாக எழும்ப வேண்டும். மற்றது சின்ன நீலக் குளிசை. அது அந்த ஹோர்மோனின் வேகத்தை அடக்கிச் சுரப்பியை மெல்ல மெல்லச் சுருக்கும், ஆறு மாதம் பொறுக்க வேண்டும், ஆசையும் கொஞ்சம் குறையலாம். வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்றும் சொன்னார். எழும்பி வாசல்வரை போன நெய்னார் திரும்பி வந்து, ஆசை எவ்வளவு குறையும் என்று மீன் சிங்களத்தில் கேட்டார். டொக்டர் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

இங்கே ஊரில் சுல்பாவின் நிலைமை வேறு. நுரைச்சோலையில் சின்ன வெங்காயத்துக்குத் தாள் வெட்டுகிற கொட்டிலில் அவளைச் சுற்றிப் பெண்கள் குந்தினார்கள். நெய்னாரின் கூட்டாளி முஸம்மிலின் மனைவி மர்ளியா, அக்காவைத் ‘தாத்தா’ என்று கூப்பிடுகிற ஊர் வழக்கப்படி, மெதுவாகக் காதில் கேட்டாள், “சுல்பா தாத்தா, அவருக்கு என்னத்தச் சமைச்சிக் குடுக்கிறீங்க?”

சுல்பா நல்ல பெண். பொய் சொல்ல மாட்டாள். ஆனால் நாற்பது வருடமாக யாரும் அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டதில்லை. “கணவாய்தான்” என்றாள். “முருங்கக்காயும் போட்டு.” அன்றைக்கு முந்தின நாள் அதைத்தான் சமைத்திருந்தாள், ஆகவே அதில் பொய்யும் இல்லை. அடுத்த கிழமை கரையில் கணவாய்க்கு அடிபிடி. ஏன் திடீரென்று கணவாய் விலை ஏறுகிறது என்று தெரியாமலே நெய்னார் தொண்டை கிழியக் கூறி விற்றார்.

மருந்து வேலை செய்தது. நாலு மாதத்தில் இரவில் ஒரு தரம்தான் எழும்பினார். சாரம் காய்ந்தே கிடந்தது. குளிக்க வேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் மார்கழிக் கடற்காற்றில் பல் கிட்டிக்க அவர் வாளியைக் கிணற்றில் இறக்கிக்கொண்டிருந்தார்.

“இனி என்னத்துக்குக் குளிக்கிறீங்க?” என்று சுல்பா போர்வைக்குள்ளிருந்து கேட்டாள்.

“சும்மா விட்டா ஊரு என்ன சொல்லும்?”

“ஊருக்கு நீங்க புதுமாப்பிள்ள. எனக்கு உங்களால ஈரத் துவாய்தான் மிச்சம்” என்றுவிட்டு அவள் மறுபக்கம் புரண்டு படுத்தாள்.

இதற்குள் பள்ளிவாசலில் வேறொரு தொற்று பரவியிருந்தது. ‘பெருவிரல்’ ஒருநாள் தலை நனைந்து வந்தார். அடுத்த நாள் ‘கடைசி பஸ்’ நேரத்துக்கே வந்தார், அவரும் நனைந்து. ஐம்பத்தைந்து தாண்டிய ஆண்கள் ஒவ்வொருவராக நனையத் தொடங்கினார்கள். உண்மையில் அவர்களில் பாதிப் பேர் தொழுகைக்குக் கை கால் கழுவி வுழு எடுக்கிற ஹவ்ள் தொட்டியில்தான் தலையை முக்கினார்கள் என்பது அஸ்மினுக்குத் தெரியும். பள்ளிச் சவுக்காரம் ஏன் இந்த வேகத்தில் கரைகிறது என்று அவர் நிர்வாகத்திடம் முறைப்பாடும் செய்தார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது சரி. ஊர்த் தலையைத் துவட்டவும் துவாய் இல்லை.

முஸம்மிலுக்கு மட்டும் நடிப்புப் போதவில்லை. அவர் நெய்னாரின் வயதுக்காரர், சின்ன வயதில் ஒன்றாகக் குர்ஆன் ஓதப் போனவர், பிரஷருக்கு இரண்டு குளிசை போடுகிறவர். ஒருநாள் ஏலம் முடிந்து பிளேன்டீக் கடையில் இருந்தபோது, நெய்னார் இடுப்பு வாரின் பையைத் திறக்க, நீலக் குளிசை அட்டை வெளியே எட்டிப் பார்த்தது. நீலக் குளிசை என்றால் என்ன என்று உலகத்தில் எந்தக் கிழவனுக்குத் தெரியாது? முஸம்மிலின் கண் அந்த அட்டையில் குத்தி நின்றது. பக்கத்து வாங்கில் இருந்த அஸ்மினின் கண்ணும்தான்.

“மச்சான், அப்ப இதுதான் விஷயமா?”

“அது வேற, மச்சான்.”

“என்னட்ட ஒளிக்காத. எனக்கும் ரெண்டு தா.”

நெய்னார் பேச்சை மாற்றினார். முஸம்மில் விடவில்லை. மூன்று நாள் பின்னாலேயே வந்தார். மூன்றாம் நாள் படகு மறைவில் நிறுத்தி, குரலைத் தாழ்த்திச் சொன்னார், “எனக்கு ரெண்டு வருஷமா ஒண்டும் ஏலாது, மச்சான். மர்ளியா ஒரு வார்த்த கேட்டதில்ல. அவ கேக்காம இரிக்கிறதுதான் எனக்கு வெக்கமா இரிக்கி.”

நெய்னாருக்கு நெஞ்சு இளகியது. அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். சொல்ல வாயெடுத்தார், ‘சொட்டு’ என்ற சொல் முன்னால் வந்து நின்றது. மூத்திரக் குளிசைதானே, மிஞ்சிப்போனால் இரண்டு தரம் கூடுதலாகப் போவான் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லி, அட்டையைக் கிழித்து நீலத்தில் இரண்டும் கூட்டுக் குளிசையில் இரண்டும் முஸம்மிலின் உள்ளங்கையில் வைத்தார்.

“சாப்பிட்டுப் போட்டுத்தான் போடணும். ஒண்டொண்டா” என்றார்.

முஸம்மிலுக்கு அது வசதிப்படவில்லை. அவர் வீட்டில் மகள், மருமகன், நாலு பேரப்பிள்ளைகள், இடையில் ஒரு தட்டி மறைப்பு. மருமகன் அனல்மின் நிலையத்துக்கு வேலைக்குப் போய், மகள் பிள்ளைகளைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றப் போகிற அந்த முக்கால் மணித்தியாலம்தான் வீட்டில் அவரும் மர்ளியாவும் தனியாக இருக்கிற நேரம். ஆகவே சுபஹுக்குப் போகும் முன்னமே மருந்து உள்ளே இறங்கிவிட வேண்டும் என்று கணித்தார். வெறும் வயிற்றில் நாலையும் ஒன்றாகப் போட்டார். கெதியாக வேலை செய்யட்டும் என்று கூட்டுக் குளிசைகளைக் கடித்து மென்று விழுங்கினார். வழமையான பிரஷர் குளிசைகளையும் மறக்கவில்லை. ஒரு நம்பிக்கையில் முன்கூட்டியே குளித்தும்விட்டார்.

அன்று தொழுகையில் நெய்னாரும் முஸம்மிலும் கடைசி வரிசையில், வாசலோரம் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். முதல் ரக்அத்தின் இரண்டாவது ஸுஜூதில் நெற்றியைத் தரையில் வைத்திருந்துவிட்டு எல்லாரும் எழுந்து நின்றார்கள். முஸம்மிலும் எழுந்தார். ஆனால் நிற்கவில்லை. ஒரு கணம் காற்றில் பனைபோல ஆடி, அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்து வாசற்படியில் விழுந்தார். உடம்பெல்லாம் வேர்த்து, உதடு வெளுத்து, கை நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தது.

பள்ளிவாசல் வேனில் ஏற்றிப் புத்தளம் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார்கள். நெய்னார், அஸ்மின், தொழுவித்த ஹஸ்ரத், வழியில் ஏறிக்கொண்ட மர்ளியா. வேனுக்குள் மர்ளியா யாஸீன் ஓதினாள். நெய்னாருக்கு ஓத வரவில்லை. அவருடைய காதில் “எந்த வூட்டுல?” என்ற ஒரு குரல்தான் கேட்டுக்கொண்டிருந்தது.

அவசரப் பிரிவில் இருந்த டொக்டர் இல்மா, தொண்ணூறாம் ஆண்டில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு வந்த முஸ்லிம் குடும்பத்தின் பிள்ளை. புத்தளத்திலேயே பிறந்து படித்தவர். முப்பதுகூட ஆகவில்லை. முஸம்மிலின் காலை உயர்த்தி வைத்து, சேலைன் ஏற்றி, நெஞ்சுக்கு வயர்களை ஒட்டிவிட்டுத் திரும்பினார்.

“பிரஷர் நல்லாக் கீழ போயிரிக்கி. காலையில என்ன மருந்து எடுத்தார்?”

“வழமையான பிரஷர் குளிசதான், டொக்டர்” என்றாள் மர்ளியா.

“வேற ஒண்டும்?”

முஸம்மில் கண்ணை மூடிக்கொண்டார். அஸ்மினால் சும்மா இருக்க முடியவில்லை. “நீலக் குளிச எண்டு ஊருல ஒரு கதை இரிக்கி, டொக்டர்” என்றார்.

இல்மாவின் முகம் மாறியது. “எந்த நீலம்? ஆம்புளைகள் அதுக்குப் போடுற நீலமா? அதப் போட்டிருந்தா, நெஞ்சு வலிக்கு நாங்க நாக்குக்குக் கீழ வைக்கிற மருந்து இவர்ட உயிருக்கே ஆபத்து. ஆருக்குத் தெரியுமோ இப்பச் சொல்லுங்க. வெக்கப்பட நேரமில்ல.”

எல்லாக் கண்ணும் நெய்னாரிடம் வந்தன.

“டொக்டர், இந்தப் பக்கம் வாங்க மகள். தனியாச் சொல்றன்.”

மர்ளியா முன்னால் வந்து நின்றாள். “தனியாச் சொல்ல இது என்ன கலியாணப் பேச்சா? எண்ட மாப்பிள்ளட வவுத்துக்குள்ள போனது எனக்கும் தெரியணும்.”

நெய்னார் ஹஸ்ரத்தைப் பார்த்தார், அஸ்மினைப் பார்த்தார். அஸ்மினின் காதுகள் ஏற்கெனவே விரிந்திருந்தன. இங்கே விழுகிற சொல் பகல் லுஹர் தொழுகைக்கு முன் கரையில் நிற்கும் என்று நெய்னாருக்குத் தெரியும். பிறகு கட்டிலில் வெளிறிக் கிடந்த முஸம்மிலைப் பார்த்தார். ஒன்றாக ஓதப் போனவன். அஹமட் நானாவை வெட்கத்தால் கொன்றது போதாதென்று இவனையும் கொல்லப் போகிறேனா என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது.

இடுப்பு வாரின் பையைத் திறந்து அட்டைகளை எடுத்து நீட்டினார். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகக் கரையை அதட்டிய குரல் இப்போது நடுங்கியது. ஆனாலும் அது ஏலக்காரக் குரல். அடுத்த வார்டு வரைக்கும் கேட்டது.

“அது நீங்க நினைக்கிற நீலம் இல்ல, டொக்டர். மூத்திரக் குளிச. எண்ட. சிலாபம் கிளினிக்குல தந்தது. எனக்குச் சொட்டுச் சொட்டா வடியும். ராவெல்லாம் வடியும். அதுக்குத்தான் நான் சுபஹுக்குக் குளிச்சன். வேற ஒண்டுக்கும் இல்ல. வல்லாஹி, சத்தியமா வேற ஒண்டுக்குமே இல்ல.”

இல்மா அட்டைகளை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். மூச்சு விட்டார். “அல்ஹம்துலில்லாஹ். இது புரொஸ்டேட் மருந்து. இந்தக் கூட்டுக் குளிசதான் பிரஷரை இறக்கியிரிக்கி. பயமில்ல, சேலைன் போனாச் சரியாகும்.” பிறகு நீல அட்டையை ஆட்டிக்காட்டினார். “இதால இவருக்கு ஒண்டும் வராது. ஆனா ஒண்டு சொல்றன், இது ஆம்புளை ஹோர்மோனக் கூட்டுற மருந்தில்ல. குறைக்கிற மருந்து.”

மர்ளியா கட்டிலில் கிடந்த கணவனைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை பார்த்தாள்.

“இரிந்ததையும் குறைக்கவா திண்டீங்க?” என்றாள். சொல்லிக்கொண்டே அவருடைய ஈரத் தலையை முந்தானையால் துவட்டினாள். துவட்டும்போது அவளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன.

“அந்தப் பிரச்சினைக்கும் டொக்டர் இரிக்கிறாங்க, வாப்பா” என்று இல்மா முஸம்மிலின் பக்கம் குனிந்து சொன்னார். “பிரஷர் குளிசையாலயும் அப்பிடி வரும். கேட்டா மாத்தித் தருவம். கடனுக்குக் கூட்டாளிட்ட வாங்கித் திங்காதீங்க.”

வெளியே விறாந்தையில் நெய்னார் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். ஹஸ்ரத் பக்கத்தில் வந்து குந்தினார். அறிவுரை வரப்போகிறது என்று நெய்னார் எதிர்பார்த்தார். ஹஸ்ரத் அஸ்மின் எங்கே நிற்கிறார் என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, மிக மெதுவாகக் கேட்டார், “அந்த சிலாபத்துக் கிளினிக், என்ன கிழமையில?”

வீட்டுக்கு வந்து சுல்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவளுடைய பெருமையையும் சேர்த்துக் கவிழ்த்துவிட்டோமே என்றுதான் அவருக்குக் கவலை. சுல்பா கேட்டுவிட்டு, வெங்காயம் உரிப்பதை நிறுத்தாமலே, “சரி, இனிக் கணவாய் வில இறங்கும்” என்றாள். பிறகு, “நாளைக்குக் குளிக்காமப் போங்க. இருமல் கேக்க ஏலல்ல” என்றாள்.

மறுநாள் சுபஹுக்கு நெய்னார் காய்ந்த தலையோடு போனார். பள்ளியில் எல்லாத் தலையும் காய்ந்திருந்தன. யாரும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, அவரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அன்று மாலை முஸம்மில் வீடு திரும்பினார். அதற்கு மறுநாள் காலை அவரும் கரைக்கு வந்து, ஒரு பெட்டியின் மேல் குந்திக்கொண்டார்.

அன்று கடலில் நல்ல மீன்பாடு. பாரை மலைபோலக் குவிந்திருந்தது. நெய்னார் செருமினார், பூனைகள் பின்வாங்கின, ஏலம் தொடங்கியது. அவர் அன்று காலை வயிறு நிறையத் தேத்தண்ணி குடித்திருந்தார். மூன்றாவது குவியலில் விலை ஏறிக்கொண்டிருக்கும்போது அடிவயிறு முட்டியது. முன்பென்றால் காலை இறுக்கிக்கொண்டு நின்றிருப்பார். கூட்டம் தன் வாயையே பார்ப்பது அவருக்குத் தெரிந்தது. ஒவ்வொரு நாக்கிலும் அந்தப் பெயர் நுனிவரை வந்து நிற்பதும் தெரிந்தது. யார் முதலில் சொல்வது என்றுதான் இழுபறி.

நெய்னார் கையை உயர்த்தினார். அந்தக் கரையில் ஏலக்காரன் தனக்காக ஏலத்தை நிறுத்தியது அதுதான் முதல் தரம்.

“கொஞ்சம் பொறுங்க” என்றார். “சொட்டு நெய்னார் ஒருக்காப் போயிட்டு வாரன்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. சொல்லவிருந்ததை அவரே சொல்லிவிட்டால் மற்றவன் என்ன செய்வான்?

“இன்னொண்டு” என்றார். “இண்டையிலருந்து அந்தப் பேர் எண்ட. அஹமட் நானாவ இனி அஹமட் நானாண்டு சொல்லுங்க.”

கூட்டத்தில் நின்ற அஹமட் நானாவின் மருமகன் தலையைக் குனிந்துகொண்டான். நெய்னார் வட்டத்தை விலக்கிக்கொண்டு, ஐஸ் வைக்கிற கட்டடத்துக்குப் பின்னாலிருந்த கக்கூஸை நோக்கி நடந்தார். பத்து அடி போயிருப்பார், பின்னால் மணலில் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தார். ‘பெருவிரல்’ வந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ‘கடைசி பஸ்’. அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு படகுக்காரர்கள். எல்லாருக்கும் கடைசியில், மெதுவாக, முஸம்மில்.

“எங்க எல்லாரும்?” என்றார் நெய்னார்.

“ஐஸ் பாக்க” என்றார் பெருவிரல், கடலைப் பார்த்துக்கொண்டு.

“ஐஸ் அந்தப் பக்கம்.”

யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. நெய்னார் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அத்தனை வருடம் அவர் பெயர் வைத்துச் சிரித்த மனிதர்கள், சாரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் கதவுக்கு முன்னால் நின்றார்கள்.

“சரி, வரிசையா நில்லுங்க” என்றுவிட்டு அவர் உள்ளே போனார்.